வாடிக்கையாளர் கூறுகிறார்

ஜாப் கார்டின் முதல் வரி எப்போதும் இதுதான்:
சத்தம் வருவதாக வாடிக்கையாளர் கூறுகிறார்.
கூறுகிறேன்.
நாலாவது தடவையாகக் கூறுகிறேன்.
வேகம் எண்பதைத் தாண்டினால்,
ஸஹம் தாண்டிச் சாலை நேராகும் இடத்தில்,
காதுக்குள் யாரோ ஊசியில் நூல் கோக்கிற மாதிரி
ஒரு கீச்.

ரெஜிமோன் மரியாதையானவர். சுலைமானி தருவார்.
"ஒரு கொழப்பமும் இல்லா மேடம், சரியாக்கித் தராம்."
குளிரூட்டிய கண்ணாடி அறையில்
புது வண்டிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருப்பார்கள்.
என் வண்டிக்கும் ஒருநாள் கட்டினார்கள்.
கேக் வெட்டினோம்.

முதல் தடவை பெல்ட்:
நூற்று எண்பத்தாறு ரியால், ஐந்நூறு பைசா.
அடுத்தது இடது முன்சக்கர பேரிங்:
இருநூற்று நாற்பத்தொன்று.
மூன்றாம் தடவை என்ன மாற்றினார்கள் என்று
இன்னும் எனக்குத் தெரியாது. பில்லில் "இதர" என்றிருந்தது.
தொண்ணூற்றேழு ரியால், இருநூற்றைம்பது பைசா.
இந்த ஊர்ப் பணத்தில்
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்.
மூன்றையும் விடாமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு கார்டின் அடியிலும்
ஒரே கையெழுத்து, தூண்டில் முள் போல வளைந்து:
ஓட்டிப் பார்த்தாயிற்று. சத்தம் கேட்கவில்லை.

என் வேலை என்னவென்று ரெஜிமோன் கேட்டதில்லை.
ஸொஹார் துறைமுகப் பக்கத்துக் கிளினிக்கில்
காது சோதிக்கிறேன்.
உருக்காலைக்காரர்கள், கல் குவாரிக்காரர்கள்,
கிரேன் ஓட்டுகிறவர்கள்.
ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு எல்லாருக்கும் சொல்வேன்:
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்,
ரொம்ப மெல்லிசாக இருந்தாலும்.

செவ்வாய்க்கிழமை டீலர் வேனில் பதினாலு பேர்,
வருடாந்தரப் பரிசோதனைக்கு.
ஒன்பதாமவர் ஷொஃபிகுல்.
ஏர் கன் பிடித்து இருபத்திரண்டு வருடம்.
ஐந்நூறு ஹெர்ட்ஸில் உடனே அழுத்தினார். ஆயிரத்திலும்.
இரண்டாயிரத்தில் யோசித்தார்.
நாலாயிரத்தில்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.
ஒலியைக் கூட்டினேன்.
ஐம்பது. அறுபது.
சட்டென்று அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.
அப்புறம்தான் கவனித்தேன்,
கண்ணாடியில் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.
எழுபதிலும் ஒன்றுமில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.
தூண்டில் முள்.

ஐந்நூற்று இருபத்துநாலு ரியால், எழுநூற்றைம்பது பைசா.
கத்தலாம். கத்தினால் கேட்கும்,
குரல் என்பது தாழ்ந்த சங்கதி.
ஆனால் அந்த ஆள் பொய் எழுதவில்லையே.
கேட்கவில்லை என்றார். கேட்கவில்லை.
வரைபடத்தில் நீலப் பெருக்கல் குறியை
எங்கே விழவேண்டுமோ அங்கே போட்டேன்.
கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது, அவ்வளவுதான்.

வேன் புறப்படத் தாமதமானது.
வாசலில் என் வண்டியை அடையாளம் கண்டு
எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டார்:
"மேடம், அந்தச் சத்தம் நிஜமாகவே இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன். ஏறுங்கள் என்றேன்.

நெடுஞ்சாலையில் எண்பது வந்ததும்
சேஃப்டி ஷூவைக் கழற்றினார்.
காலுறையையும்.
வெறும் பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்தார்,
உள்ளங்கையைக் கதவில்.
கண்ணை மூடினார்.
நானும் வாய் திறக்கவில்லை. ஏசியை அணைத்தேன்.
கீச் தன்பாட்டுக்குக் கூவிக்கொண்டு வந்தது.
ஃபலஜ் அல் கபாயில் வட்டப்பாதைக்கு முன்னால் சொன்னார்:
"இடது இல்லை. வலது.
வலது பேரிங்."

மறுநாள் காலை ரெஜிமோன் புதுக் கார்டு திறந்தார்.
பரிசோதனைக் கட்டணம் பதினைந்து ரியால்.
சுலைமானி வந்தது.
சத்தம் வருவதாக வாடிக்கையாளர் கூறுகிறார், என்று தட்டினார்.
"மெக்கானிக் கூறுகிறார் என்று போடுங்கள்" என்றேன்.
திரையை மேலும் கீழும் தேடினார்.
அப்படியொரு கட்டம்
சிஸ்டத்தில் இல்லை மேடம், என்றார்.